30 அடி டிஃபோ: துணி வாங்குவதிலிருந்து காலரியில் விரிப்பது வரை

வீரர்கள் மைதானத்துக்குள் வரும் அந்த ஒன்றரை நிமிடம், காலரியின் ஒரு பகுதி முழுக்க ஒரே படமாக மாறி நிற்கிறதே, அதுதான் டிஃபோ. இத்தாலிய மொழியில் இது டைஃபஸ் காய்ச்சலின் பெயர். கால்பந்துப் பித்துக்கும் அங்கே அதே சொல்தான்.

2013 ஏப்ரல் 9 அன்று மலாகாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்கு முன்னால், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கிளப்பின் தெற்குக் காலரியில் தொலைநோக்கியோடு ஒரு ராட்சத உருவம் எழுந்து நின்றது. 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் டோர்ட்மண்ட் இரண்டு கோல் போட்டு 3–2 என்று ஜெயித்த ஆட்டம் அது. அந்தப் படத்தை மறந்தவர் யாரும் இல்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு முதல் முயற்சியிலேயே கயிறு கட்டிக் கூரையிலிருந்து இழுக்கப் போகாதீர்கள். தலைக்கு மேலே கைமாற்றி விரிக்கும் 30 அடிக்கு 20 அடித் துணியில் தொடங்குங்கள். சென்னை நேரு ஸ்டேடியம் மாதிரி ஓடுதளம் சுற்றி ஓடும் மைதானத்திலும் எதிர்க் காலரிக்கு இது தெளிவாகத் தெரியும்.

முதலில் அனுமதி

துணி வாங்கும் முன் கிளப்பின் ஆட்டநாள் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். படத்தின் நகல், அளவு, என்ன துணி, எந்தப் பகுதி, எத்தனை மணிக்குக் கொண்டுவருவீர்கள் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். அரசியல், மதம், வசவு எதுவும் வேண்டாம். காலரியில் எழுதியதற்கு அபராதம் கட்டுவது கிளப்தான். மரக்கம்பு, இரும்புக் குழாய் கேட்டிலேயே நின்றுவிடும், ஆகவே கம்பு தேவைப்படாத படமாகவே யோசியுங்கள். பதில் எழுத்தில் வந்ததும் ஒரு பிரதி எடுத்து கையில் வைத்திருங்கள். கேட்டில் நிற்கும் காவலருக்கு உங்கள் மின்னஞ்சல் பேச்சு எதுவும் தெரிந்திருக்காது.

துணி

ஃப்ளெக்ஸ் வேண்டாம். கனம் அதிகம், காற்று ஊடே போகாது, அடியில் நிற்பவர்களுக்கு மூச்சு முட்டும். ஈரோட்டுப் பக்கம் நெய்து வரும் வெளுக்காத காடா துணிதான் சரி. 63 அங்குல அகலத்தில் 40 மீட்டர் வாங்குங்கள். 31 அடி நீளத்தில் நான்கு துண்டு வெட்டி, படுக்கைவாட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக இணைக்க வேண்டும். நான்கு அகலமும் சேர்ந்தால் 21 அடி. மூன்று இணைப்புத் தையலும் மேல், கீழ் ஓர மடிப்பும் போக 20 அடி மிஞ்சும்.

சாமியானா தைப்பவரிடம் கொடுப்பது நல்லது. இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். ஒற்றைத் தையல் காலரியில் யாராவது ஒருவர் ஆர்வத்தில் இழுத்ததும் விட்டுவிடும். மேலும் கீழும் 4 அங்குலம் மடித்துத் தைத்து, அந்த உறைக்குள் கயிறு கோத்துவிடுங்கள். கை பிடிப்பது கயிற்றைத்தான் இருக்க வேண்டும், துணியை அல்ல.

படமும் எழுத்தும்

ஏ4 தாளில் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டங்களாக 15 பத்தி, 10 வரிசை போடுங்கள். துணியில் அதே கட்டம் 2 அடி. பத்திக்கு 1 முதல் 15 வரை எண், வரிசைக்கு அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ, ஐ, ஒ என்று பெயர். "7-உ கட்டத்தில் மூக்கு முடிகிறது" என்று ஒருவர் தாளைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் துணியில் குறிக்கலாம். கட்டக் கோட்டை ஸ்கேலால் போடாதீர்கள், நாள் முழுக்கப் போய்விடும். தச்சர்கள் செய்வது போல நூலில் சாக்பொடி தடவி, இரு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி அடியுங்கள். ஒரு கோடு அரை நிமிடத்தில் முடியும்.

பெரும்பாலான தமிழ் டிஃபோக்கள் சறுக்குவது எழுத்தில். ஆங்கிலப் பெரிய எழுத்து எல்லாம் ஒரே உயரம். நம் எழுத்து அப்படி இல்லை. புள்ளியும் இகரச் சுழியும் மேலே ஏறும், உகரக் கொம்பு கீழே இறங்கும். எழுத்தின் உடல் 4 அடி என்றால் வரிக்கு 6 அடி ஒதுக்க வேண்டும். கோட்டின் தடிமன் அரை அடிக்குக் குறையக் கூடாது. அப்படித் தடித்தால் ண, ழ ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் இடைவெளி அடைத்துக்கொள்ளும், அதனால் அந்த இரண்டை மட்டும் மற்றதைவிட அகலமாக வரையுங்கள். புள்ளியை ஒரு அடி விட்டத்துக்குப் போடுங்கள். தாளில் அது அசிங்கமாகத் தெரியும். ஆனால் 100 மீட்டருக்கு அப்பால் சிறிய புள்ளி காணாமல் போய், "சென்னை" என்பது "செனனை" ஆகிவிடும். 30 அடியில் இரண்டு சின்னச் சொல்லுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். வரைந்த தாளை அறையின் மறுகோடியில் ஒட்டிப் பாருங்கள். அங்கிருந்து படிக்கத் திணறினால் திருத்துங்கள்.

வண்ணம்

எனாமல் எண்ணெய்ப் பெயின்ட்: காய நாளாகும், துணி அட்டை மாதிரி விறைக்கும், தீயும் சீக்கிரம் பிடிக்கும். டிஸ்டம்பர் மடித்த இடத்தில் பொடியாக உதிரும். சுவருக்கு அடிக்கும் சாதா எமல்ஷன் எடுத்து, இரண்டு பங்கு பெயின்டுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். இதைவிட நீர்த்தால் கோட்டைத் தாண்டிப் பரவும். கெட்டியாக இருந்தால் மடிப்பில் வெடிக்கும்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஊகம் வேண்டாம். மீந்த துணியில் 2 அடிக்கு 2 அடிக் கட்டம் ஒன்றை அடித்து, எத்தனை மில்லி போனது என்று அளவுக் குவளையில் பாருங்கள். மொத்தம் 150 கட்டம். நீலம் எத்தனை கட்டம், கறுப்பு எத்தனை என்று தாளில் எண்ணிப் பெருக்கி, பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை வாங்கவே வேண்டாம், அந்த இடத்தில் துணியை அப்படியே விடுங்கள். தூரத்தில் காடா வெள்ளையாகத்தான் தெரியும்.

தரையில் தார்ப்பாய் விரித்த பிறகே துணியைப் போடுங்கள். பெயின்ட் ஊறி அடியில் இறங்கும். செய்தித்தாள் விரித்தால் அது துணியோடு ஒட்டி வரும். ஓரக்கோட்டை 2 அங்குல பிரஷ்ஷாலும் உள்பக்கத்தை ரோலராலும் அடிக்கலாம். நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் நகருங்கள், இல்லையென்றால் ஈரத்தின் மேல் முட்டி போட வேண்டி வரும்.

காய ஒரு முழு நாள் விடுங்கள். நவம்பர் மழையில் இரண்டு நாள், மின்விசிறி போட்டு. தொட்டால் காய்ந்தது போலிருக்கும், மடித்து அழுத்தி வைத்தால் மறுநாள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், பிரிக்கும்போது நீலம் படத்தின் முகத்தில் ஏறியிருக்கும். மடிப்புக்கு நடுவே முகப்பவுடர் தூவினால் இது நடக்காது.

மடிப்பு

பிடிப்பவர் மைதானத்தைப் பார்த்து நிற்கிறார், படிப்பவர் எதிரில் இருக்கிறார். ஆகவே படத்தின் இடது ஓரம் பிடிப்பவரின் வலது கைப்பக்கம் வர வேண்டும். முதல் தடவை செய்பவர்கள் குழம்புவது இங்கேதான். துணியின் பின்புறத்தில் பட்டை நாடாவால் "மேல்", "என் வலது கை" என்று பெரிதாக ஒட்டிவிடுங்கள். பிறகு படம் மேலே பார்க்க, கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி 2 அடி அகல விசிறி மடிப்பாக மடியுங்கள். மேல் ஓரம் கட்டின் உச்சியில் வர வேண்டும். அந்த 30 அடிப் பட்டையை இரு முனையிலிருந்தும் நடுவுக்குச் சுருட்டிக் கட்டுங்கள்.

ஆட்ட நாள்

இந்த அளவு ஏழெட்டு வரிசையை மூடும், வரிசைக்கு 20 பேர் வரை. ஆக சுமார் 150 பேர், அதில் பாதிப் பேர் உங்களுக்குத் தெரியாதவர்கள். கதவு திறந்ததும் உள்ளே போய் படிக்கட்டும் வாசலும் துணியின் அடியில் வராத பகுதியைப் பிடியுங்கள். அரை மணி முன்பு வரிசை வரிசையாகப் போய்ப் பேசுங்கள்: தலைக்கு மேலே துணி வரும், கையை உயர்த்தி மேல் வரிசைக்குத் தள்ளுங்கள், பிடித்து இழுக்காதீர்கள், ஒன்றரை நிமிடத்தில் இறங்கிவிடும். குழந்தையோடு வந்தவர், மூச்சுத்திணறல் உள்ளவர் ஓரத்து இருக்கைக்கு மாற உதவுங்கள். இதைச் சொல்லாமல் துணியைப் போட்டால் பயத்தில் யாராவது கிழிப்பார்கள், அதில் தவறும் இல்லை.

நான்கு மூலைக்கும் உங்கள் ஆள். மேல் கயிற்றுக்கு ஐந்து பேர், கீழ்க் கயிற்றுக்கு ஐந்து பேர். சைகை தருபவர் ஒருவரே, அவர் மைதானத்துக்கு முதுகு காட்டி கம்பி ஓரமாக நிற்பார். விசில் ஊதக் கூடாது, நடுவரின் விசிலோடு குழம்பும். டிரம் சட்டென்று நிற்பதே சைகை. முதலில் பட்டையை அடி வரிசையில் பக்கவாட்டில் விரியுங்கள், வீரர்கள் வெளியே தலை காட்டியதும் மேல் கயிறு ஏறட்டும். மேல் ஆட்கள் ஓடினால் நடு தொய்ந்து முகம் சுருங்கும். ஒவ்வொரு வரிசையாக, கீழே இருப்பவர் கை தளர்த்தத் தளர்த்த மேலே இழுக்க வேண்டும். காற்று அடித்தால் முதலில் தூக்குவது கீழ் ஓரத்தை. அந்த ஐந்து பேர் கயிற்றைக் காலடியில் மிதித்துக்கொள்ளட்டும். பக்கத்தில் யாராவது புகைக்குண்டோ தீப்பந்தமோ எடுத்தால் உடனே இறக்குங்கள், 600 சதுர அடி உலர்ந்த பருத்திக்கு அடியில் ஆட்கள் நிற்கிறார்கள்.

கிக்-ஆஃப்புக்கு முன் துணி கீழே வந்துவிட வேண்டும். பணம் கட்டி வந்தவர் முதல் நிமிடத்தைத் தவறவிடக் கூடாது. அடியில் நின்றவர்கள் தங்கள் படத்தைப் பார்க்கவே முடியாது, அதனால் எதிர்க் காலரியில் ஒருவரை முன்பே உட்காரவைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இடைவேளையில் அந்த 150 பேருக்கும் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் துணியைப் பிரித்து ஒரு நாள் உலர்த்துங்கள், வியர்வையும் பனியும் ஏறியிருக்கும். எலி எட்டாத இடத்தில் மூட்டையைத் தூக்கி வையுங்கள். பின்பக்கம் பெயின்ட் ஊறாத துண்டுகளைப் பிரித்தால் அடுத்த படத்துக்குப் பாதித் துணி மிச்சம்.