மஞ்சளை விடுங்கள், அலகைப் பாருங்கள்

கிணற்றுமேட்டுப் பனையில் கூடு தொங்க ஆரம்பித்துவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்காது. மஞ்சளாக எது பறந்தாலும் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு வந்து, "பெரியப்பா, இது தூக்கணாங்குருவிதானே?" என்பார்கள். பாதிக்குப் பாதி மாம்பழச்சிட்டாக இருக்கும்.

அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்: முதலில் அலகு. தூக்கணாங்குருவி தானியம் உடைத்துத் தின்கிற குருவி. அலகு குட்டை, அடி பருத்திருக்கும். இலையிடுக்கில் புழு தேடுகிற மாம்பழச்சிட்டுக்கு அலகு மெலிந்திருக்கும். பெண் தேன்சிட்டுக்கும் வயிறு மஞ்சள்தான், ஆனால் அலகு நீண்டு வளைந்தது. மாங்குயில் மைனா அளவு. அதில் குழம்பவே கூடாது.

அடுத்தது பருவம். மழை விழுந்து, நெல்லும் கரும்பும் நீளத் தாள் விட்டு நிற்கும்போது பாருங்கள். ஆணுக்கு உச்சந்தலையும் மார்பும் பளிச்சென்று மஞ்சள், கன்னமும் தொண்டையும் கரும்பழுப்பு. பருவம் முடிந்தால் அந்த மஞ்சள் போய்விடும். பெண்ணைப் போலவே ஆகிவிடும். பெண் வருஷம் முழுக்கச் சிட்டுக்குருவிச் சாயல்தான். அதனால்தான் அறுப்புக்குப் பிறகு கூட்டமாக மேயும்போது யாரும் கண்டுகொள்வதில்லை. பருத்த அலகு, குட்டை வால், புருவத்தில் லேசான மஞ்சள், இவற்றை வைத்துப் பிரிக்கலாம். மார்பில் கருங்கீற்று தெளிவாக ஓடினால் அது கீற்றுத் தூக்கணாங்குருவி. ஏரியோரச் சம்பிலும் நாணலிலும் தேடுங்கள்.

கூடு கட்டுவதைப் பார்க்கக் காலையில் போய், எட்ட நில்லுங்கள். ஆண் ஒரு நெல்தாளில் வந்து உட்காரும். அடிப்பக்கம் ஓரத்தில் அலகால் ஒரு கடி. அந்த விளிம்பைக் கவ்வியபடி மேலே பறக்கும். சர்ரென்று நார் நீளவாக்கில் கிழிந்து கூடவே வரும். அதை ஓலையில் சுற்றி முடிந்து, வளையம் கட்டி, மேலே கூரை பின்னும். அடி திறந்த ஹெல்மெட் மாதிரி ஆனதும்தான் பெண்கள் வரும். ஆண்களெல்லாம் இறக்கையடித்து ஒரே கூச்சல். பெண் குறுக்கு நாரில் உட்கார்ந்து, இழுத்து இழுத்துப் பார்க்கும். பிடித்திருந்தால்தான் ஆண் முட்டை அறையையும் கீழே தொங்கும் குழாய் வாசலையும் முடிக்கும். பிடிக்காதது அப்படியே அரைகுறையாகத் தொங்கும். 'ஆண் குருவிக்கு ஊஞ்சல்' என்று ஊரில் காட்டுவது அதைத்தான்.

உள்ளே ஈரமண் அப்பியிருப்பது உண்மை. அதில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்பது கதை. விழுந்த கூட்டைப் பிரித்துப் பாருங்கள், மண்தான் இருக்கும்.

முட்டை வெள்ளை; இரண்டிலிருந்து நான்கு வரை. அடைகாப்பது பெண். ஆண் அதற்குள் அடுத்த கூட்டுக்கும் அடுத்த பெண்ணுக்கும் போயிருக்கும். பறவையியலாளர் சாலிம் அலி 1930இல் பம்பாய்க்குத் தெற்கே கடலோரக் கிஹிமில் தங்கி, நாள்கணக்கில் கவனித்து இந்தக் குடும்ப வழக்கத்தை விளக்கி எழுதினார்.

கதிர் பால்பிடிக்கும்போது கொஞ்சம் நெல் போகத்தான் செய்யும். குஞ்சுக்கு ஊட்டப் பயிரில் புழு பூச்சி பிடிப்பதும் இதே குருவிதான், அதையும் கணக்கில் வையுங்கள். காலிக் கூடுதானே என்று வீட்டு அலங்காரத்துக்கு அறுத்து வராதீர்கள். பழைய கூட்டில் சில்லை என்கிற சின்னக் குருவிகள் புகுந்து முட்டையிட்டிருக்கும். கீழே நிற்பவருக்குத் தெரியாது.