ஜெர்மனியில் முனைவர் பட்டம்: கையெழுத்துப் போடுவதற்கு முன்

மாஸ்டர்ஸ் ஆய்வேடு முடிகிற சமயத்தில் பேராசிரியரே கூப்பிட்டு, "இடம் இருக்கிறது, டாக்டரேட் செய்கிறீர்களா?" என்று கேட்பதுண்டு. கேட்ட சந்தோஷத்தில் அன்றே தலையாட்டிவிடாதீர்கள். நான்கைந்து வருடம், பொறியியலில் சில சமயம் ஆறு வருடம் பிடிக்கிற விஷயம் இது.

சாஃப்ட்வேர் வேலைதான் குறி என்றால் பட்டம் தேவையில்லை. அந்த வருடங்களின் வேலை அனுபவமே அதிகம் உதவும். ஆராய்ச்சிக்கூடமோ பேராசிரியர் வேலையோ வேண்டுமென்றால் பட்டம் இல்லாமல் முடியாது. ஃபாக்ஹோக்‌ஷூலவில் (பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம்) பேராசிரியராக அதோடு பொதுவாக 5 வருட வேலை அனுபவமும் கேட்பார்கள்; அதில் 3 வருடம் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

இங்கே பெரும்பாலும் இது சம்பள வேலை. அரசுப் பல்கலைக்கழகங்களில் டிவி-எல் (மாநில அரசு ஊழியர்களுக்கான சம்பள ஒப்பந்தம்) அட்டவணைப்படி இ13 என்ற சம்பள நிலை. ஆனால் ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது சதவீதம்: 100, 75, 50 என்று எதுவாகவும் இருக்கலாம். 50 என்றால் சம்பளம் பாதி. மீதி நேரம் உங்கள் சொந்த ஆய்வுக்கு என்பார்கள், அதனால் உழைப்பு பாதியாகாது. பொறியியலில் முழு இடம் சகஜம், கூச்சப்படாமல் கேளுங்கள். அடுத்து, பணம் எங்கிருந்து வருகிறது? மாநில நிதி (லாண்டஸ்ஸ்டெல்ல) என்றால் பாடம் எடுக்கும் கடமை இருக்கும். புராஜெக்ட் பணம் (ட்ரிட்மிட்டல்) என்றால் புராஜெக்ட் முடியும் தேதிதான் உங்கள் தேதியும். உதவித்தொகையில் ஓய்வூதியக் காப்பீட்டுக்கு ஒன்றும் சேராது, மருத்துவக் காப்பீட்டையும் நீங்களே கட்ட வேண்டும்.

குடியிருப்பு அட்டையில் அச்சாகும் சட்டப்பிரிவு எண்ணையும் விட்டுவிடாதீர்கள். 16பி என்றால் நீங்கள் மாணவர். 18பி, 18டி அல்லது ப்ளூ கார்டு (உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான அனுமதி) என்றால் பணியாளர் அல்லது ஆய்வாளர். ஜெர்மன் பட்டம் பெற்றவர்களுக்கு 2 வருட வேலை, 24 மாத ஓய்வூதியக் கட்டணத்தில் நிரந்தர அனுமதி தரும் வழி ஒன்று உண்டு. 16பி அட்டையில் கழிந்த மாதங்கள் அந்தக் கணக்கில் வராது. வேலை ஒப்பந்தம் கையில் இருக்கும்போது வெளிநாட்டவர் அலுவலகத்தில் பணியாளர் அல்லது ஆய்வாளர் அட்டையைக் கேட்டே வாங்குங்கள்.

அடிக்கடி சிக்கலாவது இன்னொன்று. வேலையில் சேர்ந்தாலே முனைவர் மாணவராகிவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். முனைவர் மாணவராக ஏற்றுக்கொள்வது பல்கலைக்கழகத்தின் ஃபாகல்டி (புலம்), அதற்குத் தனி விண்ணப்பம். மாஸ்டர்ஸை இந்தியாவிலோ இலங்கையிலோ ஃபாக்ஹோக்‌ஷூலவிலோ முடித்தவர்களிடம் கூடுதல் பாடங்கள் கேட்கலாம். மூன்றாம் வருடத்தில் இது தெரியவந்தால் ஆய்வேடு எழுதும் நேரத்தில் பரீட்சைக்குப் படிக்க வேண்டிவரும். முதல் சில மாதங்களிலேயே ஏற்புக் கடிதத்தை வாங்கி வையுங்கள்.

பேராசிரியர் எப்படி என்று அறிய, அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளை நூலகத் தளத்தில் திறந்து பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் முன்பக்கங்களிலேயே சமர்ப்பித்த நாளும் வாய்மொழித் தேர்வு நாளும் அச்சிட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வருடம் ஓடியிருந்தால் காரணம் கேளுங்கள். அவர்கள் சேர்ந்த வருடத்தை லிங்க்ட்இன்னில் பார்த்தால் மொத்தக் கணக்கும் வந்துவிடும். பட்டம் வாங்காமல் பாதியில் போனவர்கள் இருந்தால் அவர்களிடமும் பேசுங்கள், முடித்தவர்கள் சொல்லத் தயங்குவதை அவர்கள் சொல்வார்கள்.