ஹெச்.ஐ.வி. ஆய்வகத்தில் கால் சறுக்கும் இடங்கள்

ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் வருடம் ஒரு மூலிகைச் சாற்றை ஹெச்.ஐ.வி. மீது சோதித்துப் பார்த்தேன். குழி குழியான பிளேட்டில் டி செல்கள் (ஹெச்.ஐ.வி. தாக்கும் நோயெதிர்ப்பு செல்கள்), அதில் வைரஸ், அதன் மேல் சாறு. ஐந்தாம் நாள் பி24 எலைசா போட்டேன்; ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறத்தால் காட்டும் சோதனை அது. பி24 என்பது வைரஸின் கூட்டுக்குள் இருக்கும் புரதம்; அது குறைந்தால் வைரஸ் குறைந்தது என்று கணக்கு. சாறு ஊற்றாத குழிகள் பளிச்சென்று மஞ்சளாக நின்றன. ஊற்றிய குழிகள் வெறும் தண்ணீர் மாதிரி இருந்தன. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் சீனியர் அக்கா ஒருவர் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "செல்லு உயிரோட இருக்கான்னு பாத்தியா?" பார்க்கவில்லை. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் அத்தனையும் செத்துக் கிடந்தன.

வைரஸ் தானாகப் பெருகாது, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். செல்லைக் கொன்றால் வைரஸும் விழத்தான் செய்யும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. அன்றிலிருந்து எந்தப் பொருளை எடுத்தாலும், முதலில் வைரஸே இல்லாத செல்களில் அதே அளவுகளைப் போட்டு எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணிவிடுவேன். வைரஸைத் தடுக்கும் அளவுக்கும் செல்லைக் கொல்லும் அளவுக்கும் நடுவே நல்ல இடைவெளி இல்லையென்றால் பேச ஒன்றுமில்லை. "எய்ட்ஸுக்கு மூலிகை மருந்து கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தால் நான் தேடுவது இந்த ஒரு தகவலைத்தான். பெரும்பாலும் அது இருக்காது.

என் தவறு ஒரு பிளேட்டோடு போயிற்று. நோனாக்சினால்-9 விஷயம் அப்படிப் போகவில்லை. விந்தணுவைக் கொல்லப் பல காலமாகப் பயன்பட்டுவந்த, சோப்பு போன்ற ரசாயனம் அது. வைரஸின் வெளியுறை கொழுப்பால் ஆனது என்பதால், சோதனைக் குழாயில் ஹெச்.ஐ.வி.யை அழகாக உடைத்துப்போட்டது. பெண்களுக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்ற நம்பிக்கையில் ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் பாலியல் தொழிலாளர்களிடையே ஜெல்லாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டு டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் முடிவு வந்தது: ஜெல் தொற்றைத் தடுக்கவில்லை, அடிக்கடி பயன்படுத்தியவர்களிடம் தொற்று அதிகமாகவே இருந்தது. வைரஸின் உறையை உடைத்த அதே குணம், பிறப்புறுப்பின் மென்மையான உட்படலத்தையும் புண்ணாக்கியிருக்கிறது. சோதனைக் குழாயில் புண்ணாவதற்குத் தோல் ஏது?

அடுத்து, புதிதாக வருகிறவர்கள் தவறாமல் விழும் பள்ளம் ஒன்று உண்டு. நாம் ஊற்றிய வைரஸையே புதிதாகப் பிறந்த வைரஸ் என்று எண்ணிவிடுவது. ஊற்றிய திரவத்திலேயே ஏராளமான பி24 இருக்கும். செல்களைச் சரியாகக் கழுவாவிட்டால் மூன்றாம் நாளும் அது அளவில் தெரியும். பி24 இருக்கிறது என்பதாலேயே தொற்று நடந்தது என்று ஆகிவிடாது. செத்த வைரஸிலும் அந்தப் புரதம் உண்டு. இதற்கு மலிவான வழி, ஒரு வரிசைக் குழிகளில் எஃபாவிரென்ஸ் மாதிரி வைரஸின் பெருக்கத்தை நிறுத்தும் மருந்தைச் சேர்த்துவிடுவது. மருந்து போட்ட குழியிலும் போடாத குழியிலும் ஒரே அளவு வந்தால், நீங்கள் அளந்தது மிச்சம் மீதியை. இந்த ஒரு வரிசையைப் போடச் சோம்பல்பட்டு மூன்று மாத வேலையைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, எந்த வைரஸை எடுத்தீர்கள்? 1980களில் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் ஓயாமல் பெருகும் டி செல் வரிசைகளில் வருடக்கணக்கில் வளர்த்த வைரஸ்கள் ஆய்வகத்துக்குப் பழகிப்போனவை. அவற்றில் பல, செல்லுக்குள் நுழைய சிஎக்ஸ்சிஆர்4 என்ற கதவைத் தட்டும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் வைரஸோ பெரும்பாலும் சிசிஆர்5 வழியாகத்தான் போகிறது. பழகிய வைரஸ் ஆன்டிபாடிக்கும் சுலபமாக மடியும். 1990இல் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது: வைரஸை ஏமாற்றிப் பிடிக்கச் செய்த கரையும் சிடி4 புரதம் (செல்லின் மேல் வைரஸ் முதலில் ஒட்டிக்கொள்ளும் புரதத்தின் நகல்) ஆய்வக வைரஸைச் சிறிய அளவிலேயே அடக்கியது. நோயாளிகளிடமிருந்து நேரடியாக எடுத்த வைரஸுக்கோ பல நூறு மடங்கு தேவைப்பட்டது. வைரஸின் மேலுறைப் புரதமான ஜிபி120ஐ வைத்துச் செய்த தடுப்பூசியிலும் அதே கதைதான். ஆய்வக வைரஸை ஆன்டிபாடிகள் மடக்கின. 2003இல் முடிவு வந்த பெரிய சோதனைகளில் மனிதர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. நமக்கு இதில் கூடுதல் சங்கடம் ஒன்று உண்டு. இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் சி வகை. அலமாரியில் இருக்கும் பழைய வைரஸ்களோ பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பாவின் பி வகை.

மாசு கலப்பதைப் பற்றிச் சொல்லும்போது "நம்ம லேப்ல அப்படியெல்லாம் நடக்காது" என்பவர்களிடம் நான் எல்.ஏ.ஐ. கதையைச் சொல்வேன். 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனம் வைரஸைக் கண்டது. 1984இல் அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வகம் தன் வைரஸை அறிவித்தது. இரண்டின் மரபு வரிசையும் சந்தேகப்படும் அளவுக்கு ஒன்றாக இருந்தன. திருட்டா, தற்செயலா என்று வழக்கு வரை போய், 1987இல் இரு நாட்டுத் தலைவர்கள் பேசி முடிக்க வேண்டியதாயிற்று. 1991இல்தான் முடிச்சு அவிழ்ந்தது. எல்.ஏ.ஐ. என்ற குறியீடு கொண்ட வேறொரு நோயாளியின் வேகமாக வளரும் வைரஸ், பாஸ்டரிலேயே இன்னொரு கல்சரில் (ஆய்வக வளர்ப்பில்) புகுந்திருந்தது. அங்கிருந்து அனுப்பிய மாதிரி வழியாகக் காலோவின் கல்சரையும் பிடித்துக்கொண்டது. கெட்டிக்காரர்கள் நிறைந்த இரண்டு ஆய்வகங்களுக்கும் தாங்கள் எதை வளர்க்கிறோம் என்பதே தெரியவில்லை.

பழைய கதை என்று விட முடியாது. ஹெச்.ஐ.வி.யை நடுநிலைப்படுத்தும் ஆன்டிபாடியை அளக்க உலகமே பயன்படுத்தும் டிஇசட்எம்-பிஎல் என்ற செல் வரிசை, ஓர் எலி ரெட்ரோவைரஸை (ஹெச்.ஐ.வி.யின் குடும்பத்து வைரஸ்) சத்தமில்லாமல் வெளியிட்டுக்கொண்டிருந்தது 2008இல்தான் தெரிய வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வைரஸ்களைப் பாதுகாப்புக் கேபினட்டுக்குள் திறக்காதீர்கள். மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆரில் மாதிரி எதுவும் போடாத குழாய் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். அப்புறம், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது உங்கள் வைரஸின் மரபு வரிசையைப் படித்துப் பாருங்கள்.

எதிர்ப்பாற்றலை அளக்கும்போது தவறு ரத்தக் குழாயிலேயே தொடங்கிவிடுகிறது. எடுத்த ரத்தம் மேசையில் ஒரு நாள் கிடந்தால் டி செல்கள் சோர்ந்துவிடும். வினைபுரியும் டி செல் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகக் காட்டும் எலிஸ்பாட் சோதனையில் புள்ளிகள் குறையும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள குழாயில் எடுத்தால் பிசிஆர் மக்கர் பண்ணும். உறைய வைத்த செல்களை எடுக்கும்போது 37 டிகிரி தண்ணீரில் ஆட்டிக்கொண்டே இருந்து, கடுகளவு பனி மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்து, வெதுவெதுப்பான ஊடகத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் செல்கள் வெடித்துவிடும். இன்னொன்று, ஒரே ஆளின் ரத்தத்தை மூன்று குழிகளில் போட்டுவிட்டு "மூன்று முறை செய்தோம்" என்று எழுதுவது. மூன்று குழி இருந்தாலும் ஆள் ஒருவர்தான். செல் கொடுப்பவருக்குக் கொடுப்பவர் தொற்று பல மடங்கு மாறும்.

இவ்வளவையும் சரியாகச் செய்து நிறையப் புள்ளிகள் வந்தாலும் அவசரப்பட வேண்டாம். அடினோவைரஸ் என்ற சளி வைரஸில் ஹெச்.ஐ.வி. மரபணுக்களை ஏற்றிச் செய்த மெர்க் நிறுவனத்தின் தடுப்பூசி, போட்டுக்கொண்ட பெரும்பாலோரிடம் டி செல்களைத் தூண்டியது. எலிஸ்பாட் பிளேட்டுகள் நன்றாகவே இருந்தன. ஆனாலும் பாதுகாப்பு தெரியாமல் 2007இல் ஸ்டெப் என்ற அந்தத் தடுப்பூசிச் சோதனையை நிறுத்தினார்கள். அந்த அடினோவைரஸுக்கு ஏற்கனவே எதிர்ப்பு இருந்த, சுன்னத் செய்யாத ஆண்களிடம் தொற்று கூடியிருந்தது. டி செல் இன்டர்ஃபெரான்-காமாவை (எலிஸ்பாட்டில் புள்ளியாகத் தெரியும் சைகைப் புரதம்) சுரக்கிறது என்பது ஒரு விஷயம். அது வைரஸை மடக்குகிறது என்பது வேறு. தொற்றிய செல்களோடு டி செல்களைச் சேர்த்து வளர்த்து வைரஸ் குறைகிறதா என்று நேரடியாகப் பார்க்கும் சோதனை நேரத்தைத் தின்னும். இருந்தாலும் எனக்கு அதில்தான் நம்பிக்கை.

கடைசியாக, மறைந்திருக்கும் வைரஸ். மருந்து எடுப்பவர் உடலிலும் ஓய்வில் இருக்கும் சிடி4 டி செல்களுக்குள் வைரஸின் மரபுப்பொருள் ஒளிந்திருக்கும். சாதாரண பிசிஆர் அதை எண்ணும். ஆனால் எண்ணியதில் 90 சதவீதத்துக்கு மேல் உடைந்துபோன, மறுபடி எழ முடியாத துண்டுகள். அதனால் மிகைக் கணக்கு. செல்களைத் தூண்டி வைரஸை வளர்த்துப் பார்க்கும் சோதனையிலோ பத்து லட்சம் செல்லுக்கு ஒன்று போலத்தான் வரும்; எழக் கூடியவை எல்லாம் ஒரே தூண்டலில் எழாததால் அது குறைக் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது உண்மை.

மிசிசிப்பியில் பிறந்த ஒரு குழந்தைக்கு, பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கினார்கள். பிறகு சிகிச்சை விட்டுப்போயும் வைரஸ் தென்படவில்லை. 2013இல் "குணமாகிவிட்டது" என்று உலகம் முழுக்கச் செய்தி. மருந்தில்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் கடந்தபின், 2014 ஜூலையில் வைரஸ் திரும்பி வந்த தகவல் வெளியானது. ஒரு சின்னக் குழந்தையிடமிருந்து எவ்வளவு ரத்தம் எடுத்துவிட முடியும்? அந்தச் சில மில்லிலிட்டரில் இல்லாதது உடலின் வேறு மூலையில் இருந்திருக்கிறது. அதனால் என் மாணவர்கள் "வைரஸ் இல்லை" என்று எழுதிக் கொண்டுவந்தால், அதை அடித்துவிட்டு "ஒரு கோடி செல்களில் தேடினோம், கிடைக்கவில்லை" என்று எழுதச் சொல்வேன்.