இண்டியின் டிஸ்க்கை மாற்றும்போது எங்கே சறுக்குகிறோம்?

சிலிக்கான் கிராஃபிக்ஸ் 1993-ல் வெளியிட்ட இண்டி, மானிட்டருக்கு அடியில் அடக்கமாக உட்காரும் நீலப் பெட்டிக் கணினி. அதன் ஹார்ட் டிஸ்க் கரகரக்க ஆரம்பித்ததும் பலரும் செய்வது, "இன்னொரு தடவை ஆன் செய்து பார்ப்போமே" என்பதுதான். கூடவே கூடாது. ஒவ்வொரு முறை சுழலும்போதும் மிச்சமிருக்கும் ஆயுளைத்தான் செலவழிக்கிறீர்கள். ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே (fsck) ஓட்டுவது அதைவிட மோசம். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அது எழுதவும் செய்யும். கழற்றி, ஸ்கஸி (SCSI, இண்டியின் டிஸ்க் பயன்படுத்தும் இணைப்பு முறை) கார்டு உள்ள லினக்ஸ் கணினியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்பு நிரல் மூலம் முழு இமேஜ், அதாவது டிஸ்க்கின் அச்சு அசல் நகலை, எடுங்கள். அது கெட்ட இடங்களைத் தாண்டிப் போய் நல்லதை முதலில் அள்ளிவிடும், அப்புறம்தான் கெட்டதோடு மல்லுக்கட்டும். எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைலின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இமேஜ் எதற்கு, ஃபைல்களை மட்டும் காப்பி செய்தால் போதாதா? போதாது. என்னைக் கேட்டால், அதிகம் பேர் விழும் குழி இதுதான். இண்டியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் ப்ராம் (PROM), அதன் இயங்குதளமான ஐரிக்ஸை (IRIX) நேராகத் தேடாது. டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் வால்யூம் ஹெடரில் சாஷ் (sash) என்ற சின்ன நிரலைத் தேடும். அதுதான் ஐரிக்ஸின் மையமான கெர்னலை ஏற்றும். ஃபைல்களை மட்டும் கட்டும் டார் (tar) போட்டு எடுத்த பேக்கப்பில் இந்த வால்யூம் ஹெடர் வராது. புது டிஸ்க்கை ஐரிக்ஸின் எஃப்எக்ஸ் (fx) நிரலில் பகுதிகளாகப் பிரித்து, ஃபைல்களைக் கொட்டி, டிவிஎச்டூல் (dvhtool) நிரலால் சாஷை ஹெடரில் வைத்தால்தான் பூட் ஆகும். முழு இமேஜில் இந்த வேலையே இல்லை.

அடுத்தது ஐடி, அதாவது ஒவ்வொரு ஸ்கஸி சாதனத்துக்கும் உள்ள எண். பிசி பழக்கத்தில், டிஸ்க்கில் அந்த எண்ணைக் குறிக்கும் ஜம்பரை 0-வில் விட்டுவிடுவோம். அங்கே ஸ்கஸியை நடத்தும் கண்ட்ரோலருக்கு எண் 7. இண்டியிலோ 0 கண்ட்ரோலருக்கே சொந்தம். வீட்டுக்காரர் அறையிலேயே குடித்தனக்காரர் மூட்டையை இறக்கிய மாதிரி ஆகிவிடும். சிஸ்டம் டிஸ்க்குக்கு 1 என்று வையுங்கள்.

டெர்மினேஷன், அதாவது கேபிள் முனையில் சிக்னல் திரும்பி வராமல் அடக்கும் ஏற்பாடு, விஷயத்தில் ஊகம் வேண்டாம். பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன்பே அதன் ஜம்பர்களைப் படம் எடுத்து வையுங்கள். 80 பின் டிஸ்க்கை அடாப்டர் போட்டு 50 பின் கேபிளில் மாட்டினால், பயன்படாத மேல் பாதிக் கம்பிகளை டெர்மினேட் செய்யும் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். எச்விடி (HVD, மின்முறையே வேறான ஒரு ஸ்கஸி வகை) டிஸ்க் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். கண்ட்ரோலர் சேர்ந்து புகையலாம்.

இதெல்லாம் வேண்டாமென்றால், எஸ்டி கார்டை ஸ்கஸி டிஸ்க் போலக் காட்டும் ப்ளூஸ்கஸி (BlueSCSI) போர்டை மாட்டி, எடுத்த இமேஜை அந்தக் கார்டில் போடலாம். நான் இப்போது அந்தக் கட்சிதான். அதிலும் ஒரு சிக்கல்: 'எச்டி10' (HD10) என்று தொடங்கும் இமேஜ் ஃபைல் பெயரில் 10 என்பது ஐடி அல்ல. 1 ஐடி, 0 எல்யுஎன் (LUN, அந்த ஐடிக்குள் வரும் துணை எண்). பெயரை 'எச்டி00' என்று விட்டால் மறுபடியும் அதே வீட்டுக்காரர் சண்டைதான்.