சால்டரிங் மேசையில் கேட்க: பழைய கம்ப்யூட்டர், வீடியோ கேம் பாட்காஸ்ட்கள்

கோத்தகிரியில் டிவி, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறேன். கைக்கும் கண்ணுக்கும் நாள் முழுக்க வேலை, காது மட்டும் சும்மா இருக்கும். அதற்குத்தான் இந்தப் பாட்காஸ்ட்கள். நான் கேட்பவை எல்லாம் ஆங்கிலம். புதிதாக நுழைகிறவர்களுக்கு என் வழியைச் சொல்கிறேன்.

உங்கள் கை பழகிய ஒரு கேமிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய வீடியோ கேம்கள் பற்றிய ரெட்ரோநாட்ஸ் பாட்காஸ்ட் 2006 முதல் வருகிறது. அதை முதல் எபிசோடிலிருந்து வரிசையாகக் கேட்க உட்கார்ந்தால் ஆயுசு போதாது. மரியோ, கான்ட்ரா என்று தெரிந்த பெயரைத் தேடிப் பிடியுங்கள். கான்ட்ராவில் 30 லைஃப் வாங்க ‘மேல் மேல் கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி ஏ’ என்று அழுத்தியிருப்போம் அல்லவா? அதை முதலில் வைத்தவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-ல் நின்டென்டோவின் ஃபேமிகாம் கேம் மெஷினுக்காக கிராடியஸ் என்ற கேமைச் செய்தபோது, முடித்துப் பார்க்கத் தனக்கே கஷ்டமாக இருக்கிறதென்று வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. ஆடிய கேம் என்றால் இந்த மாதிரிக் கதை சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் மெஷின்களுக்கு வாருங்கள். ஃப்ளாப்பி டேஸ் பாட்காஸ்ட்டில் ஒவ்வொரு பழைய கம்ப்யூட்டராக எடுத்துப் பேசுவார்கள். கேட்பதற்கு முன் அந்த மெஷினின் படத்தையும், கிடைத்தால் போர்டின் படத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேச்சு காற்றோடு போகும்.

1982-ல் வந்த பிரிட்டிஷ் வீட்டுக் கம்ப்யூட்டரான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் பற்றிய எபிசோடுகளில், கேம் லோடாகும் சத்தத்தை நடுவில் ஓடவிடுவது உண்டு. தள்ளிவிடாதீர்கள், இயர்போன் மாட்டிக் கேளுங்கள். ஸ்பெக்ட்ரமுக்கு கேம் சாதாரண ஆடியோ கேசட்டில்தான் வந்தது. முதலில் ஐந்து விநாடி ஒரே சீரான ‘பீ…’. பின்னாலேயே ஒரு சின்னக் கரகரப்பு. புரோகிராமின் பெயரும் அளவும் அதில்தான் இருக்கின்றன. கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு விநாடி ‘பீ’, அதன் பிறகுதான் நீண்ட இரைச்சல். கம்ப்யூட்டருக்கு எல்லாமே பூஜ்யமும் ஒன்றும்தான்; டேப்பில் பூஜ்யத்துக்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஒன்றுக்கு ஆகும். அதனால் பூஜ்யம் கீச்சென்றும் ஒன்று கனமாகவும் கேட்கும். கேமின் முகப்புப் படம் இறங்கும்போது, படத்தில் வெற்றிடமாக இருக்கும் இடங்களில் இரைச்சல் அடங்கி ஒரே சுருதியில் நிற்கும். வண்ணங்கள் கடைசி 768 பைட்டில் வரும். அங்கே சத்தத்தின் நடையே மாறிவிடும். இரண்டு மூன்று முறை கேட்டால் காதே சொல்லிவிடும். அந்தக் காலத்தில் பிரிட்டனில் புரோகிராம்களை ரேடியோவில் ஒலிபரப்பி, கேட்டவர்கள் கேசட்டில் பதிந்துகொண்டதும் புரோகிராம் வெறும் சத்தமாக இருந்ததால்தான் முடிந்தது.

பிபிசி மைக்ரோ பற்றி எபிசோட் வந்தால் விடாதீர்கள். 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த கம்ப்யூட்டர் அது. அதைச் செய்த ஏக்கார்ன் கம்பெனி 1985-ல் உருவாக்கிய ஏஆர்எம் சிப்பின் வாரிசுதான், நீங்கள் பாட்காஸ்ட் கேட்கும் மொபைலுக்குள் இருப்பது.

ரிப்பேர் எபிசோடுகள் எனக்கு உயிர். 1991-ல் வந்த அமிகா 500 பிளஸ் என்ற வீட்டுக் கம்ப்யூட்டரின் போர்டிலேயே ஒரு பேட்டரி இருக்கும். அது கசிந்து, போர்டில் ஓடும் செம்புக் கோடுகளான டிராக்கைத் தின்றுவிடும். கசிவது காரம் என்பதால், வினிகர் தொட்டுத் துடைத்து, தண்ணீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் காய வைப்பார்கள். பச்சை பூத்த ரிமோட் போர்டுகள் நம்ம ஊர் ஈரத்தில் தினமும் வருகின்றன, அவற்றுக்கும் இது கைகொடுக்கும்.

மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் சிக்னலை நம்ப வேண்டாம். வீட்டு வைஃபையில் இறக்கிவிடுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பிதான் ஆகும். ஆன்டெனாபாட் பாட்காஸ்ட் கேட்பதற்கான இலவச ஆப். அதில் ஒவ்வொரு பாட்காஸ்ட்டுக்கும் முன்னுரையைத் தானாகத் தாண்டச் சொல்லலாம், வேகத்தையும் குறைக்கலாம். உச்சரிப்பு பிடிபடும் வரை 0.9-ல் கேளுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் பவர் சப்ளையில் கை வைக்கும்போது மட்டும் இயர்போனைக் கழற்றிவிடுங்கள்.

கேட்ட கேமை ஆடிப் பார்க்க ஆசை வந்தால் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையதளத்தில் தேடுங்கள். நிறையப் பழைய கேம்கள் பிரவுசரிலேயே ஓடும். கீபோர்டு உள்ள கம்ப்யூட்டரில் ஆடுங்கள். மொபைல் தொடுதிரையில் ஆடினால் எரிச்சல்தான் மிஞ்சும்.