பல்கலைக்கழக நூலகத்தில் தேடியது கையில் கிடைக்க

பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தைத் திறந்தால் நடுவில் ஒரு தேடல் பெட்டி இருக்கும். புதிதாக வருபவர்கள் பலர் அதில் ஏதோ ஒரு கட்டுரையின் தலைப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் வரவில்லை என்றதும் இங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். பல நேரம் அது நூலகத்தில் இருக்கும், தேடிய இடம்தான் வேறு. அதனால் தட்டச்சு செய்வதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது.

1. கையில் இருப்பது எதைப் பற்றிய குறிப்பு?

பதிப்பகத்தின் பெயர் இருந்தால் பெரும்பாலும் புத்தகம். தொகுதி எண், இதழ் எண், பக்க எண்கள் இருந்தால் ஆய்விதழில் வந்த கட்டுரை. பதிப்பாசிரியர் பெயரும் பதிப்பகமும் பக்க எண்களும் சேர்ந்து வந்தால் அது ஒரு தொகுப்பு நூலின் அத்தியாயம். அத்தியாயத்தின் பெயரைக் கேட்டலாக்கில், அதாவது நூலகத்தின் நூல் பட்டியலில், தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, தொகுப்பு நூலின் பெயரைத்தான் தேட வேண்டும்.

2. கேட்டலாக்கில் தேடுங்கள்

புத்தகம் என்றால் நேராக கேட்டலாக்குக்குப் போகலாம். முழுத் தலைப்பையும் அடிக்க வேண்டியதில்லை. ஆசிரியர் பெயரும் தலைப்பில் உள்ள அரிதான ஓரிரு சொற்களும் போதும். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணைப் போட்டும் தேடலாம். ஆனால் அந்த எண் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு மட்டுமே உரியது. நூலகத்தில் அதே நூலின் வேறு பதிப்பு இருந்தாலும் எண் தேடலில் அது தட்டுப்படாது.

குறிப்பிட்ட நூல் எதுவும் இல்லை, எதைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும் என்றால்? பொருத்தமாகத் தோன்றும் ஒரே ஒரு நூலைக் கண்டுபிடியுங்கள். அதன் பதிவைத் திறந்தால் கீழே பொருள் தலைப்புகள் இருக்கும். அதைச் சொடுக்கினால் அதே பொருளில் உள்ள மற்ற நூல்களெல்லாம் வந்து நிற்கும். இந்த ஒரு வழி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்பேன். நாம் நினைக்கும் சொல்லும் பட்டியலிட்டவர் வைத்த சொல்லும் ஒன்றாக இருக்காது என்பதுதான் காரணம். நாம் சினிமா என்று தேடுவோம். பல நூலகங்கள் பின்பற்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்பிலோ அது மோஷன் பிக்சர்ஸ்.

தமிழ் நூல்களைத் தேடும்போது இன்னொரு சிக்கல். பல நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில்தான் பதிந்து வைத்திருக்கும், அதுவும் உச்சரிப்பைப் பார்த்து அல்ல, எழுத்தைப் பார்த்து. க எங்கே வந்தாலும் கே, ச எங்கே வந்தாலும் சி. ஆகவே சங்க இலக்கியம் பற்றிய நூலுக்கு எஸ், ஏ, என், ஜி என்று போட்டால் வராதது, சி, ஏ, என், கே என்று போட்டால் வந்துவிடும். எழுத்துகளுக்கு மேலும் கீழும் வரும் புள்ளி, கோடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம், பெரும்பாலான தேடல் பெட்டிகள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

3. அழைப்பெண்ணை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள்

நூல் அலமாரியில் எங்கே நிற்கிறது என்று காட்டும் எண் இது, கால் நம்பர் என்று பலரும் சொல்வது இதைத்தான். முதல் வரியை மட்டும் எழுதிக்கொண்டு அலமாரிக்குப் போனால் ஒரே எண்ணில் ஐம்பது புத்தகம் நிற்கும். கீழ்வரியில் உள்ள எழுத்துகளும் வேண்டும். எந்தக் கட்டடம், எந்தத் தளம், எந்தப் பிரிவு என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். எளிய வழி, திரையைப் போட்டோ எடுத்துக்கொள்வது.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் முறைகளில் ஒன்று டியூயி, 1876இல் வெளிவந்தது. அதில் எண்கள் தசம எண்கள். 305.42 முதலில் வரும், 305.5 அதற்குப் பிறகுதான். 42 பெரிதாயிற்றே என்று 5-க்கு அப்பால் தேடினால் கிடைக்காது. இன்னொன்றான காங்கிரஸ் நூலக முறையில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்துகள் இருக்கும். அங்கே முதல் எண் சாதாரண முழு எண்ணாக வரிசைப்படும், அதற்குப் பிறகு புள்ளி வைத்து வரும் எழுத்தும் எண்ணும் தசமக் கணக்கு. ஆகவே அந்தப் பகுதியில் 36-க்குப் பிறகுதான் 4 வரும். குழப்பமாகத்தான் இருக்கும், இரண்டு மூன்று முறை தேடினால் பழகிவிடும்.

புத்தகத்தைக் கண்டுபிடித்ததும் அதை மட்டும் உருவிக்கொண்டு திரும்பாதீர்கள். வலமும் இடமும் உள்ளவை அதே பொருளைப் பற்றியவை.

உள்ளே இருப்பதாகத் திரை சொல்கிறது, அலமாரியில் காணவில்லை? திரும்பி வந்த நூல்கள் வைக்கும் தள்ளுவண்டி, பக்கத்து மேசைகள், மேல் தட்டு, கீழ்த்தட்டு எல்லாம் பாருங்கள். அளவில் பெரிய நூல்களுக்குத் தனி அலமாரி இருப்பதும் உண்டு. அப்புறமும் இல்லையென்றால் கவுன்டரில் சொல்லுங்கள், தேடித் தருவார்கள். வேறொருவர் எடுத்துப் போயிருந்தால் முன்பதிவு செய்யலாம்.

4. கட்டுரைகளுக்கு வேறு வழி

பொதுவாக கேட்டலாக்கில் ஆய்விதழ்களின் பெயர்தான் இருக்கும், உள்ளே உள்ள கட்டுரைகளின் பெயர் இருக்காது. கட்டுரைகளை அவற்றுக்கென்றே உள்ள இணையத் தொகுப்புகளான தரவுத்தளங்களில் தேட வேண்டும். இப்போது பல நூலகங்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் காட்டுகின்றன. அப்படியும் சில விட்டுப்போகும். உங்கள் துறைக்கான தரவுத்தளம் எது என்று நூலகத் தளத்தின் பாட வழிகாட்டியில் இருக்கும். மருத்துவம் என்றால் பப்மெட், அது எல்லோருக்கும் இலவசம்.

10 என்று தொடங்கும் டிஓஐ, அதாவது அந்தக் கட்டுரைக்கே உரிய அடையாள எண், இருந்தால் அதையே தேடுங்கள். சேர்ந்து வர வேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

பதிப்பகத்தின் பக்கத்தில் பணம் கேட்டால் உடனே கார்டை எடுக்காதீர்கள். நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம். வீட்டிலிருந்து பார்க்கும்போது நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் என்று பதிப்பகத்துக்குத் தெரியாது. நூலகத் தளத்தின் வழியாக உள்நுழைந்து அதே கட்டுரைக்குப் போனால் பெரும்பாலும் திறந்துவிடும்.

5. நூலகத்தில் இல்லவே இல்லை என்றால்

நூலகங்களுக்கிடையே இரவல் என்று ஒரு சேவை உண்டு. வேறு நூலகத்திலிருந்து நூலை வரவழைப்பார்கள், கட்டுரை என்றால் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்வார்கள். எந்த நூலகத்தில் இருக்கிறது என்று, பல நூலகங்களின் பட்டியல்களைச் சேர்த்துக் காட்டும் வேர்ல்ட்கேட் தளத்தில் நீங்களே பார்க்கலாம். நாளாகும், அதனால் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள்.

6. கையெழுத்துப் பிரதிகள், பழைய கடிதங்கள்

இவை தனிச் சேகரிப்பில் இருக்கும். அலமாரிக்கு நீங்கள் போக முடியாது. ஒவ்வொரு கடிதத்துக்கும் தனிப் பதிவு இருக்காது, சேகரிப்பு முழுவதற்கும் ஒரு வழிகாட்டிப் பட்டியல் இருக்கும். அதில் பெட்டி எண், கோப்பு எண் பார்த்து முன்கூட்டியே கோரிக்கை கொடுக்க வேண்டும். பை வெளியே, பேனாவும் வெளியே, பென்சில் மட்டும் உள்ளே. படம் எடுக்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள். அனுமதித்தால், ஒவ்வொரு படத்திலும் பெட்டி எண்ணும் கோப்பு எண்ணும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று ஓரமாகத் தெரியட்டும், பிறகு அடிக்குறிப்பு எழுதும்போது அந்த எண்கள்தான் தேவைப்படும்.