வயசுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

பெண் வயதுக்கு வந்துவிட்டால் மண்டபம் பிடிக்கிறோம், ஃப்ளெக்ஸ் வைக்கிறோம், தாய்மாமன் சீர்த்தட்டு எத்தனை என்று எண்ணி வீடியோவும் எடுக்கிறோம். ஆனால் உடம்பில் என்ன நடக்கிறது, இனி கர்ப்பமாகவும் முடியும் என்று அவளை உட்காரவைத்துச் சொன்னது யார் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இருக்காது. 'அதெல்லாம் தானா தெரிஞ்சுக்கும்' என்பார்கள். தெரிந்துகொள்ளும்தான், செல்போனில். பையன்கள் பாடு இன்னும் மோசம், குரல் உடைந்தால் ஒரு கேலி, அதோடு சரி.

அடுத்தது, காதல் என்று காதில் விழுந்ததும் அடித்து, போனைப் பிடுங்கி, படிப்பை நிறுத்தி, சொந்தத்தில் மாப்பிள்ளை பார்ப்பது. பெண்ணுக்கு 18 ஆகாமல் கல்யாணம் செய்துவைப்பது 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். அதைவிட, அந்த அடியைப் பார்த்த பிள்ளை நாள் தள்ளிப்போனாலும் வீட்டில் வாய் திறக்காது. தோழி மூலம் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் மயங்கி விழுந்த பிறகுதான் அம்மாவுக்கே தெரியவரும். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், பெயர் வெளியே வரும் என்று அதற்கப்புறமும் இழுத்தடிக்கிறவர்கள் உண்டு. கருக்கலைப்புக்கு வரும் 18 வயதுக்குட்பட்ட பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) படி போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் டாக்டர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது வேறு. 'சித்தப்பா வந்தா நான் பாட்டி வீட்டுக்குப் போறேன்' என்று பிள்ளை சொல்லும்போது 'அவர் அப்படிப்பட்டவர் இல்ல' என்று வாயை அடைப்பது. மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்விலேயே, பாலியல் தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். முதலில் நம்புங்கள், சொந்தத்தின் மானத்தை அப்புறம் பார்க்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

அப்பா குடி, அம்மா திருப்பூரில் ஷிப்ட், பிள்ளை ஆயாவிடம் என்று இருக்கும் வீடுகளில் ஆபத்து கூடுதல். அதற்காக போனைத் திருட்டுத்தனமாக நோண்டினால் பாஸ்வேர்டுதான் மாறும். தினமும் 'சாப்பிட்டியா, படிச்சியா' என்று கேட்டு வைத்துவிடாமல், 'இன்னிக்கு யாரோட இருந்த, யாராச்சும் வந்தாங்களா' என்று ஐந்து நிமிடம் பேசுங்கள், வருகிற பதிலுக்குக் கத்தாமல்.